இளந்தாயின் நெஞ்சுவலியை வாயு என்று தள்ளாதீர்கள்

ஆசிரியருக்கு,

மாரடைப்பு என்றாலே சர்க்கரை, கொழுப்பு, பீடி, ஐம்பது தாண்டிய ஆண் என்றுதான் நம் குமரி மாவட்டத்து மருத்துவ முகாம் நோட்டீஸ்கள் பேசுகின்றன. இதில் ஒன்றுமே இல்லாத, பிள்ளை பெற்று இரண்டு வாரம் ஆன பெண்ணுக்கும் மாரடைப்பு வரும். இதய ரத்தக்குழாயின் உட்சுவர் தானாகக் கிழிந்தோ, சுவருக்குள்ளேயே ரத்தம் கசிந்து கட்டியோ குழாயை நெருக்கிவிடும். எஸ்.சி.ஏ.டி. என்பார்கள். அரிதுதான், ஆனால் இது வருபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள்.

வேதுக்குளி (பிரசவித்தவளுக்கான மூலிகை வெந்நீர்க் குளியல்) சரியில்லை, வாயு பிடித்துவிட்டது என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக் காத்திருப்பதுதான் உயிரைக் குடிக்கிறது. நெஞ்சில் அழுத்தம், தாடையிலோ கையிலோ மேல்முதுகிலோ வலி, வியர்வை, குமட்டல் என்றால் உடனே 108-ஐ அழையுங்கள். முதல் இசிஜி நார்மலாக இருந்தாலும் வீட்டுக்குத் திரும்பக் கூடாது. இசிஜியை மறுபடி எடுக்க வேண்டும். இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையையும் சில மணி நேரம் விட்டு இரண்டாம் முறை பார்க்க வேண்டும்.

மருத்துவர் கேட்காவிட்டாலும் பிரசவத் தேதியை நீங்களே சொல்லிவிடுங்கள். 'இதயம் காப்போம்' திட்டத்தில் மாரடைப்புக்கு முதலுதவியாக ஆரம்ப சுகாதார நிலையம் தரும் 14 மாத்திரைகளுக்கு (ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8) முன்பும் மருத்துவருக்கு அது தெரிய வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி விஷயத்தில் இன்னும் முக்கியம்: இந்த நோயில் அந்த ஊசி சுவருக்குள் கசிவைக் கூட்டக்கூடும். அருமனையிலிருந்து கிளம்பினாலும் இரண்டு மணி நேரத்துக்குள் நாகர்கோவில் வந்துவிடலாம் என்பதால், நேராக ஆஞ்சியோ (இதயக் குழாய்களைப் படம்பிடிக்கும் சோதனை) செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

ஆஞ்சியோவில் உறுதியான பிறகு, "ஏன் ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் வலைக்குழல்) வைக்கவில்லை?" என்று உறவினர்கள் மல்லுக்கு நிற்பது வழக்கம். தயவுசெய்து வேண்டாம். பலூனும் ஸ்டென்டும் சுவருக்குள் கட்டிய ரத்தத்தை இருபுறமும் தள்ளிக் கிழிசலை நீட்டிவிடலாம். அவற்றைக் கொண்டுசெல்லும் மெல்லிய கம்பியே கிழிசலுக்குள் புகுந்துவிடவும் கூடும். வலி நின்று, ரத்த ஓட்டம் சீராக இருந்தால் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாக ஆறிவிடும். வலி அடங்காவிட்டால், ரத்த அழுத்தம் சரிந்தால், இடது முதன்மைக் குழாய் பாதிக்கப்பட்டிருந்தால் கதை வேறு. அங்கே தலையிட்டே ஆக வேண்டும். முதல் சில நாட்களில் கிழிசல் நீளக்கூடும் என்பதால் அவசரப்பட்டு டிஸ்சார்ஜ் கேட்காதீர்கள்.

வீடு திரும்பியபின் பீட்டா பிளாக்கர் மாத்திரையை (இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைப்பது) இஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாது. மூச்சை அடக்கித் தூக்கும் பாரம் கூடவே கூடாது. மறுபடி வரக்கூடிய நோய் இது. அடுத்த கர்ப்பத்துக்கும் ஹார்மோன் கருத்தடை மாத்திரைக்கும் முன் இதய மருத்துவரைக் கேளுங்கள்.

பிரசவத்துக்குப் பின் வீடு தேடி வரும் கிராம சுகாதார செவிலியர்கள் காய்ச்சல், ரத்தப்போக்கு கேட்பதோடு, நெஞ்சுவலி உண்டா என்றும் கேட்க மாவட்ட சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

— இதய நோய்ப் பிரிவுச் செவிலியர், தக்கலை