'ஒரே உரிமையாளர்' என்று காட்டிய கோட்டையூர் வீடு: கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டுப் புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
காரைக்குடி, சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
வீடு தேடித் தரும் தங்கள் நிறுவனம்,
சென்னை.

பொருள்: ஆவணம் சரிபார்க்கப்பட்டதாகச் சொல்லித் தவறான விவரம் தந்தது, சேவைக் கட்டணம் 5,999 ரூபாயும் முன்பதிவுத் தொகை 50,000 ரூபாயும் திருப்பித் தரக் கோருவது.

ஐயா / அம்மா,

காரைக்குடியில் வாடகை வீட்டில் இருக்கிறேன். சொந்தமாக ஒரு பழைய வீடு வாங்கிச் சரிசெய்து குடியேற வேண்டும் என்பது நெடுநாள் எண்ணம். இந்தப் பக்கத்து வீடுகளில் பங்கு விவகாரம் எப்படி இருக்கும் என்று உள்ளூர்க்காரனான எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்ததால்தான் தரகரிடம் போகாமல் உங்களிடம் பணம் கட்டினேன். 'உரிமையாளர் யார் என்பதை எங்கள் ஆவணக் குழு உறுதி செய்த பிறகே வீட்டைக் காட்டுவோம்' என்று உங்கள் செயலியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். நான் காசு கொடுத்தது அந்த ஒரு வரிக்குத்தான்.

நீங்கள் காட்டிய வீடு கோட்டையூரில் இருக்கிறது. முகப்பு, வளவு (வீட்டின் நடு முற்றம்), இரண்டாம் கட்டு, பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் தரை என்று விளம்பரத்தில் இருந்தது. கீழே பச்சை நிறத்தில் 'ஒரே உரிமையாளர், ஆவணம் சரிபார்க்கப்பட்டது' என்ற முத்திரை. வேறு யாருக்கும் காட்டாமல் நிறுத்தி வைக்க முன்பதிவுத் தொகை வேண்டும் என்றீர்கள், கட்டினேன். ஆவணத்தில் குறை இருந்தால் அந்தத் தொகை முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்பது உங்கள் நிபந்தனை.

வீட்டைப் பார்க்கப் போனேன். தரை விஷயத்தை விட்டுவிடுகிறேன். இரண்டாம் கட்டில் இருப்பது ஆத்தங்குடிக் கல்லே இல்லை, அதே பூ வேலையை அச்சடித்த டைல்ஸ். கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றிக் கையால் செய்கிற கல்லுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாலே காலுக்குத் தெரியும். போகட்டும், தரையை மாற்றிக்கொள்ளலாம். உரிமையாளரை மாற்ற முடியாதே.

வளவைச் சுற்றி இருந்த அறைகள் எல்லாம் பூட்டியிருந்தன. ஒவ்வொரு கதவிலும் ஒவ்வொரு விதமான பூட்டு. ஒன்று பழைய திண்டுக்கல் பூட்டு, ஒன்று புதுப் பித்தளைப் பூட்டு, ஒன்றில் சங்கிலியே சுற்றியிருந்தது. செட்டிநாட்டு வீட்டில் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவில் தனியறை உண்டு. அவரவர் சாமான், அவரவர் பூட்டு, அவரவர் சாவி. விதவிதமான பூட்டைப் பார்த்தால் வீட்டுக்குப் பல பங்கு இருக்கிறது என்று இங்கே பள்ளிக்கூடப் பிள்ளை கூடச் சொல்லிவிடும். உங்கள் ஆட்கள் எடுத்துப் போட்ட படத்திலேயே மூன்று பூட்டு தெளிவாகத் தெரிகிறது. அதைப் பார்த்தும் ஒரு கேள்வி வரவில்லையா?

வெளியே வந்தபோது எதிர்வீட்டுத் திண்ணையில் இருந்த ஆச்சி கேட்டார்கள்: "தம்பி, எந்தப் பங்குக்காரக கிட்டப் பேசுனீக?" சென்னையில் இருக்கிறவரிடம் உங்கள் நிறுவனம் பேசியதைச் சொன்னேன். "அவுக ஒரு பங்குதான். மலேசியாவுல ரெண்டு பங்கு இருக்கு, மதுரையில ஒண்ணு. போன கல்யாணத்துக்கு எல்லாருமே இங்கதான் வந்து தங்குனாக" என்றார்கள். திண்ணையில் கிடைத்த இந்தத் தகவல் உங்கள் ஆவணக் குழுவுக்கு எப்படிக் கிடைக்காமல் போனது?

அந்தச் சென்னைக்காரருடன் நானே பேசினேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. "எங்க ஐயா கட்டின வீடு, என் பங்கைக் கொடுக்கிறதா இருக்கேன்" என்றுதான் உங்களிடம் சொன்னாராம். அதை 'ஒரே உரிமையாளர்' ஆக்கியது நீங்கள்.

புகார் செய்தபோது உங்கள் அலுவலர் எனக்கு வில்லங்கச் சான்றிதழை அனுப்பி, 'வில்லங்கம் எதுவும் இல்லை, ஆகவே ஆவணத்தில் குறை இல்லை' என்று பதில் எழுதினார். பதிவான விற்பனை, அடமானம், பாகப்பிரிவினை போன்றவைதான் வில்லங்கச் சான்றில் வரும். மூன்று தலைமுறையாக யாரும் விற்காத, பதிவு செய்து பிரித்துக்கொள்ளாத வீட்டுக்கு அது வெறுமையாகத்தான் இருக்கும். அப்பா இறந்து பிள்ளைகளுக்கு உரிமை வருவதற்குப் பதிவு அலுவலகம் போக வேண்டியதே இல்லை. கேட்டிருக்க வேண்டியது தாய்ப் பத்திரம் (சொத்து முதலில் யாருக்கு எப்படி வந்தது என்று காட்டும் மூலப் பத்திரம்), பட்டா, பட்டாவில் பெயர் உள்ளவர் காலமாகிவிட்டால் அவருடைய வாரிசுச் சான்றிதழ். இங்கே பட்டா இன்னும் வீட்டைக் கட்டிய அந்த ஐயா பெயரிலேயே இருக்கிறது, அவர் இறந்து பல காலம் ஆகிறது. பதிவுத்துறை இணையதளத்தில் எவரும் பார்க்கக்கூடிய ஒரு வில்லங்க விவரத்தை எடுத்து அனுப்பத்தானா 5,999 ரூபாய்?

அப்புறம் வந்த யோசனை இதைவிட மோசம். 'அவருடைய பங்கை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், விலை குறையும், மற்றவர்களிடம் பிறகு பேசலாம்' என்றார் உங்கள் விற்பனைப் பிரதிநிதி. 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-வது பிரிவை அவர் ஒருமுறை படித்துவிட்டு வரட்டும். பிரிக்கப்படாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் வெளியாள் ஒருவர் ஒரு பங்கை வாங்கினால், மற்றப் பங்காளிகளோடு சேர்ந்து அந்த வீட்டைக் கூட்டாக அனுபவிக்கும் உரிமை அந்தப் பிரிவின்படி அவருக்குக் கிடைக்காது. பாகம் கேட்டு வழக்குப் போட்டால், 1893-ம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டப்படி குடும்பத்துப் பங்காளி ஒருவர் நீதிமன்றம் மதிப்பிடும் விலையைக் கொடுத்து அந்தப் பங்கைத் தானே வாங்கிக்கொள்ளக் கோரலாம். அதாவது சேமிப்பை எல்லாம் கொட்டி நான் வாங்கப்போவது ஒரு வழக்கை. அதற்கும் உங்களுக்குத் தரகு உண்டு என்று நினைக்கிறேன்.

அதே பிரதிநிதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் இடித்து மரத்தைக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குக் கொடுத்தாலே பாதிப் பணம் வந்துவிடும் என்றும் சொன்னார். குடியிருக்க வீடு கேட்டவனிடம் பேசுகிற பேச்சா இது? தூணும் நிலையும் கடைக்குப் போன வீடுகளின் காலி மனைகளை இந்தப் பக்கத்தில் வேண்டிய மட்டும் பார்த்தாகிவிட்டது.

மற்றப் பங்காளிகளை நானே சம்மதிக்க வைக்க வேண்டும் என்று கடைசியாக எழுதியிருக்கிறீர்கள். மலேசியாவில் இருப்பவர்கள் நேரில் வர வேண்டும், அல்லது அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற பவர் பத்திரம் அனுப்பி, அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். விற்கவே விருப்பம் இல்லாதவர்களிடம் இதை எப்படிக் கேட்பது? விற்பனைக்கே வராத வீட்டை விற்பனைக்கு என்று காட்டியது நீங்கள். இதற்கு நடுவில் என் புகார் 'தீர்க்கப்பட்டது' என்று செயலியில் மூடப்பட்டிருக்கிறது.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் 55,999 ரூபாயும் என் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். சேவைக் கட்டணம் திரும்பாது என்ற உங்கள் விதியைக் காட்ட வேண்டாம், செய்யாத சரிபார்ப்புக்குக் கட்டணம் கிடையாது. அந்த வீட்டு விளம்பரத்தில் இருக்கும் முத்திரையையும் உடனே நீக்க வேண்டும், இன்று காலை வரை அது அப்படியே இருக்கிறது. இல்லையென்றால் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சிவகங்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். நான் வசிக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், இந்தத் தொகைக்கு மனுக் கட்டணமும் இல்லை.

விளம்பரத்தின் படப்பிரதி, பணம் கட்டிய ரசீதுகள், நீங்கள் அனுப்பிய வில்லங்கச் சான்று, உங்கள் பிரதிநிதியின் வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். பதிலை எழுத்தில், கையெழுத்துப் போடும் அதிகாரம் உள்ள ஒருவர் பெயரில் அனுப்புங்கள். செயலியில் மறுபடி புகார் எண் வாங்கச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
காரைக்குடி.