பட்டியலில் தமிழ் சிதைந்தால் பிரவுசரை மாற்றிப் பயனில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

தேர்வு முடிவு, பயனாளிகள் பட்டியல், வரி பாக்கி விவரம் என எக்செல்லில் தயாராகும் பலவும் இப்போது இணையப் பக்கத்தில் அட்டவணையாக வெளியாகின்றன. அதில் பெயரோ எண்ணோ தவறாக வந்தால், "வேறு பிரவுசரில் பாருங்கள்" என்று அலுவலகங்கள் சொல்லிவிடுகின்றன. கோளாறு பெரும்பாலும் கோப்பைச் சேமித்த விதத்தில்தான் இருக்கிறது.

எழுத்து எப்படிச் சிதைந்திருக்கிறது என்று பார்த்தாலே காரணம் தெரியும். தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறி மாறி வந்தால் தரவு இன்னும் பத்திரமாக இருக்க வாய்ப்புண்டு. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 என்ற குறியீட்டு முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் (சேமிப்பின் சிறு அலகு). அதைப் பைட்டுக்கு ஓர் எழுத்தாகப் படித்ததால் வந்த கோலம் அது. பக்கத்தைத் தரும் சர்வர், அது எந்த வகை என்று பிரவுசருக்குச் சொல்லி அனுப்பும் 'கன்டென்ட் டைப்' வரியில் யுடிஎஃப்-8 என்று குறித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பெயர் முழுதும் கேள்விக்குறியாக வந்தால் கதை வேறு. சாதாரண 'சிஎஸ்வி'யாக (விவரங்களைக் காற்புள்ளியால் பிரிக்கும் எளிய எழுத்துக் கோப்பாக) சேமித்தபோதே எழுத்துகள் அழிந்துவிட்டன. எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. மூல எக்செல் கோப்பைத் திறந்து, 'சேவ் ஆஸ்' பட்டியலில் தனியாக உள்ள 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' வகையில் மறுபடி சேமிக்க வேண்டும். பழைய எக்செல்லில் அது இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற இலவச மென்பொருள் போதும். கட்டம் கட்டமாக வந்தால் மட்டுமே பார்ப்பவரின் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று சொல்லலாம்.

பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வந்தால், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை ஒட்டியிருக்கிறார்கள். தமிழக அரசு 2010லேயே எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தரமாக ஏற்ற பிறகும் இது தொடர்வது வருத்தம் தருகிறது. அந்தந்த எழுத்துருவுக்குரிய மாற்றியில் போட்டு யூனிகோடாக்கித்தான் பக்கத்தில் ஏற்ற வேண்டும்.

எண்களில் வரும் பிழை இதைவிட ஆபத்தானது, ஏனென்றால் கண்ணில் படாது. 0452 என்பது 452 ஆகிவிடும். 12 இலக்க எண், 'ஜெனரல்' வடிவில் உள்ள கலத்தில் 1.23457E+11 என்பதுபோல ஆங்கில 'ஈ' எழுத்துடன் சுருங்கும். சிஎஸ்வியாகச் சேமித்தால் அந்தச் சுருக்கமே கோப்பில் பதியும். 16 இலக்கமானால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், எக்செல் 15 இலக்கம் வரைதான் காக்கும். எண்ணை அடிப்பதற்கு முன்பே அந்தப் பத்தியை (நெடுவரிசையை) 'டெக்ஸ்ட்' ஆக்க வேண்டும். பிறகு மாற்றினால் போனது திரும்பாது. சரியான சிஎஸ்வியைக்கூட எக்செல்லில் இரட்டைச் சொடுக்கில் திறந்து சேமித்தால் பூஜ்யங்கள் மறுபடி உதிரும். சரிபார்க்க நோட்பேடு போதும்.

தேதிப் பத்தியில் சில வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நின்றால் உடனே சந்தேகப்படுங்கள். கணினி, மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்க வடிவில் இருக்கிறது. மார்ச் 5 என்று அடித்த 05/03 என்பது மே 3 ஆகிவிட்டது, 12க்கு மேற்பட்ட நாள்கள் வெறும் எழுத்தாக நின்றுவிட்டன. பக்கத்தில் 45292 என்று வந்தால் அது 2024 ஜனவரி 1; தேதியாக மாற்றாமல் எக்செல்லின் நாள் கணக்கை அப்படியே காட்டியிருக்கிறார்கள்.

கூகுள் ஷீட்டை இணைத்தவர்கள் இன்காக்னிட்டோ ஜன்னலில் (தங்கள் கணக்கில் நுழையாமல் பார்க்கும் தனி ஜன்னலில்) ஒருமுறை திறந்து பார்க்கட்டும். உரிமையாளருக்குத் தெரிவது பொதுமக்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பட்டியலின் அடியிலும் மொத்த வரிகளின் எண்ணிக்கையும் கடைசியாகத் திருத்திய தேதியும் இருக்கட்டும். முகவரியில் உள்ள காற்புள்ளியால் பத்திகள் நகர்ந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மூடப்படாத ஒரே ஒரு இரட்டை மேற்கோள் குறியோ, அடுத்து வரும் பல வரிகளை ஒரே கலத்துக்குள் விழுங்கிவிடும்; வரிகளின் எண்ணிக்கை இருந்தால்தான் அது தெரியவரும். விடுபட்ட பெயருக்கு உரியவர், தான் தேர்வாகவில்லை என்றே நினைத்துத் திரும்பிப் போய்விடுவார்.

இப்படிக்கு,
இணையதளப் பராமரிப்புப் பணியாளர்கள் சிலர்,
மதுரை