30 நாள் மாத்திரையை ஒரே தடவையில் கொடுங்கள்

மதிப்பிற்குரிய மருத்துவ அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். தாராவி, மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலிருந்து எழுதுகிறேன். நம் டிஸ்பென்சரியில் மாத்திரை வாரக்கணக்கில்தான் கிடைக்கிறது என்பது தாங்கள் அறிந்ததே. டாக்டர் கேஸ் பேப்பரில் 30 நாளைக்கு எழுதுகிறார். ஜன்னலில் அட்டையை வெட்டி 7 மாத்திரை தருகிறார்கள். இத்தனை நாள் பொறுத்துக்கொண்டோம். போன செவ்வாய்க்கிழமை நடந்ததைப் பொறுக்க முடியவில்லை.

என் அம்மாவுக்கு 58 வயது. சர்க்கரையும் பிரஷரும் உண்டு. கொலஸ்ட்ராலுக்கு அட்டார்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம், தினம் ஒன்று. அன்று மூன்று மணி நேரம் நின்று ஜன்னலுக்குப் போனவரிடம், "கொலஸ்ட்ரால்தான் நார்மலாகிவிட்டதே, இனி எதற்கு?" என்று கேட்டு வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்கள். 148 இருந்த எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 92க்கு இறங்கியது அந்த மாத்திரையால்தானே, ஐயா? கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதை அது நாள்தோறும் குறைத்துக்கொண்டிருக்கிறது. நிறுத்தினால் சில வாரங்களிலேயே பழையபடி ஏறிவிடும். பிரஷர் இறங்கிவிட்டது என்று பிரஷர் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்களா?

சர்க்கரை உள்ளவர்களுக்கு ரிப்போர்ட்டில் உள்ள எண்ணை மட்டும் பார்த்துக் கொலஸ்ட்ரால் மாத்திரையைக் கொடுப்பதில்லை. தங்களுக்குத் தெரியாததல்ல. 2004இல் வெளியான கார்ட்ஸ் ஆய்வில் சர்க்கரை நோயாளிகள் 2,838 பேர் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்குக் கொடுத்தது என் அம்மா சாப்பிடும் அதே 10 மில்லிகிராம்தான். அவர்களுக்குப் பக்கவாதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே இரண்டு வருடம் முன்னதாக முடித்துவிட்டார்கள். தசைவலி வந்தாலோ கல்லீரலில் கோளாறு இருந்தாலோ நிறுத்துவதா என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். ஜன்னலில் சொல்லக்கூடிய விஷயமா அது?

வாரா வாரம் வந்தால் என்ன என்று கேட்பவர்கள் எங்கள் வீட்டுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வந்து பார்க்க வேண்டும். எங்களுக்கு இட்லி வியாபாரம். நாலு மணிக்கு அம்மா அடுப்பு பற்றவைப்பார். ஆறு மணிக்கு அண்ணன் அண்டாவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். ஊறிய அரிசியையும் உளுந்தையும் பதினோரு மணிக்குள் கிரைண்டரில் போட்டால்தான் மறுநாளைக்கு மாவு பொங்கும். டிஸ்பென்சரி நாளில் அம்மா திரும்பும்போது ஒரு மணியாகிவிடுகிறது. ஜனவரிக் குளிரில் அந்த மாவு அசையாமல் கிடக்கும். மறுநாள் இட்லி தட்டையாக, கல் மாதிரி. பாதி அண்டா திரும்பி வரும். இரண்டு முறை அப்படி ஆன பிறகு, "மாத்திரைதானே, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று அம்மா போகாமலே இருக்க ஆரம்பித்தார். போன மாதம் பன்னிரண்டு நாள் மாத்திரையே இல்லை. எங்களிடம் சொல்லக்கூட இல்லை. காலி அட்டையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஜன்னலில் இருப்பவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவ்வளவு கூட்டத்தை இரண்டே பேர் சமாளிக்கிறார்கள். ஆனால் காய்ச்சல், பேதி என்றால் ஓடி வரும் துறை, வலியில்லாமல் உள்ளே வளரும் நோயை ஏன் இப்படி விட்டுவைத்திருக்கிறது? எங்கள் சந்தில் ஐம்பதைத் தாண்டாதவர்களை நெஞ்சுவலி என்று ராத்திரியில் டாக்சியில் அள்ளிக்கொண்டு ஓடியிருக்கிறோம். திரும்பி வராதவர்களும் உண்டு. அப்போது எந்த ஜன்னலில் நிற்பது?

மன்னிக்கவும், கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். டாக்டர் 30 நாளைக்கு எழுதினால் 30 மாத்திரையும் ஒரே தடவையில் கிடைக்கத் தயவுசெய்து உத்தரவிடுங்கள். சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் மூன்றுக்கும் அப்படியே கிடைத்தால் வரிசையும் குறையும், உங்கள் ஊழியர்களுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். டாக்டரைக் கேட்காமல் ஜன்னலில் யாருக்கும் மாத்திரையை மறுக்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள்.

வருகிற செவ்வாய்க்கிழமை அம்மாவோடு நானும் வருகிறேன். கேஸ் பேப்பரும் இரண்டு ரிப்போர்ட்டும் கையில் இருக்கும். ஐந்து நிமிடம் தங்களைப் பார்க்க அனுமதி தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இட்லிக்கார அம்மாவின் மகள்