ஆச்சிக்கு ரேகை விழவில்லை

முதியோர் உதவித்தொகையைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் ஊர் ஆலங்குளம் பக்கம். வீட்டுக்கு வீடு பீடி சுற்றிய ஊர். பக்கத்து வீட்டு ஆச்சிக்கு 76 வயது. பன்னிரண்டு வயதில் சுளகை மடியில் வைத்து உட்கார்ந்தவர், அறுபது வருஷம் எழுந்திருக்கவில்லை. இலையை மடித்து மடித்துப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கூழாங்கல் மாதிரி வழவழத்துப் போய்விட்டன.

போன மாதம் பணம் எடுக்க அவரோடு நானும் போனேன். வங்கி அனுப்பும் தம்பி, விரல் ரேகையைப் பார்த்துப் பணம் கொடுக்கும் மெஷினோடு கோயில் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஆச்சி விரலை வைத்தார், விழவில்லை. முந்தானையில் துடைத்து வைத்தார், விழவில்லை. "தலையில லேசா தேய்ச்சுட்டு வைங்க ஆச்சி" என்றார் தம்பி. எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் பிடிக்குமாம். பத்து விரலும் முடிந்தது. "நாளைக்கு வாங்க." இப்படி மூன்று நாள். நாலாம் நாள் இடது கை மோதிர விரல் எப்படியோ விழுந்துவிட்டது. அதிலிருந்து ஆச்சி அந்த விரலைப் பாத்திரம் தேய்க்கக்கூட விடுவதில்லை.

தம்பியைக் குறை சொல்லி என்ன செய்ய? மெஷின் கேட்பதைத்தானே அவரும் கேட்பார்.

1962-இல் மாதம் 20 ரூபாயோடு நம் மாநிலத்தில் தொடங்கிய திட்டம் இது. 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாய் 1,200 ஆனது. ஆச்சிக்குப் பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள்; பாசத்துக்குக் குறைவில்லை, வாடகை கட்டவே அவர்களுக்குச் சரியாக இருக்கிறது. ஆச்சியின் அம்மா காலத்தில் வெற்றிலைக்கும் மகன் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். ஆச்சியோ பெட்டிக்கடையில் "பணம் வந்ததும் தாரேன்" என்று நிமிர்ந்து நின்று கடன் சொல்வார். அந்த வாய்தான் இப்போது கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

மணியார்டர் காலத்தில் தபால்காரர் வாசலில் சைக்கிளை நிறுத்தி, பெருவிரலில் மை தடவி உருட்டி, பணத்தை எண்ணிக் கொடுப்பார். டீக்காசு என்று பத்து ரூபாய் பிடித்துக்கொள்வார், அதையும் மறைப்பானேன். வங்கிக் கணக்கு வந்ததில் அந்தப் பத்து ரூபாய் மிச்சம்தான். ஆனால் அன்று பணம் ஆளைத் தேடி வந்தது. இன்று ஆள் பணத்தைத் தேடி அலைகிறது.

வங்கிக் கிளைக்கே போகலாமே என்பீர்கள். 2021-இலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, சரி. பஸ்ஸின் முதல் படி ஆச்சியின் முழங்கால் உயரம் இருக்கிறதே!

இதற்கு நீங்கள் புதிதாகச் சட்டம் போட வேண்டியதில்லை. 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் பணம் கொடுக்க வங்கிகள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. கையெழுத்துப் போட முடியாத முதியவர் சாட்சிகள் முன்னால் காகிதத்தில் கைநாட்டு வைத்துப் பணம் எடுக்கவும் விதி இருக்கிறது. ஆதாருக்குக் கருவிழியையும் பதிந்துதான் வைத்திருக்கிறார்கள். ரேகை விழாதவர்கள் யார் யார் என்று ஊர் ஊராக ஒரு பட்டியல் எடுங்கள். அவர்களுக்குக் கண்ணைப் பார்த்தோ, காகிதத்தில் மை வைத்தோ, வீட்டு வாசலிலேயே பணம் கிடைக்க வங்கிகளோடு பேசுங்கள். எங்கள் ஊரில் மட்டும் பதினைந்து பேரை நானே காட்டுகிறேன்.

அடுத்த வாரம் மெஷின் ஊருக்கு வருகிறது. மோதிர விரலுக்கு ஆச்சி இப்போதே தேங்காய் எண்ணெய் போட ஆரம்பித்துவிட்டார்.

இப்படிக்கு,
பக்கத்து வீட்டுப் பேரன்