பொருள்: 'ஃபார் க்ரை ப்ரைமல்' கேமைத் தவறான விவரங்களுடன் விற்றது, பணத்தைத் திரும்பத் தர மறுத்தது குறித்து

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் ஆன்லைன் கடையில் பிளேஸ்டேஷன் 4-க்கான 'ஃபார் க்ரை ப்ரைமல்' டிஸ்க் இரண்டு வாங்கினேன். ஒன்று மதுரையில் எனக்கு, இன்னொன்று பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பிக்கு. ஒன்றுக்கு இரண்டாக வாங்கியதற்கு உங்கள் பக்கத்தில் இருந்த ஒரு வரிதான் காரணம்: "நண்பருடன் ஆன்லைனில் சேர்ந்து விளையாடலாம்." அப்படி ஒரு வசதி இந்த கேமில் கிடையாது. இது ஒருவர் மட்டுமே ஆடக்கூடிய கேம்.

உங்கள் கஸ்டமர் கேரில் கேட்டபோது முதலில் இன்டர்நெட் இணைப்பைச் சரிபார்க்கச் சொன்னார்கள். பிறகு பேசியவர், "அடுத்த அப்டேட்டில் வந்துவிடும் சார்" என்றார். இது அப்பட்டமான பொய். கேம் வெளிவந்தது 2016 பிப்ரவரியில். அந்த ஏப்ரலில் வந்த பெரிய அப்டேட்டில் சேர்த்தது 'சர்வைவர் மோட்' என்ற கடினமான ஆட்ட முறை. அதில் நாம் ஆடும் பாத்திரம் களைத்துப்போகும், விரும்பினால் ஒரு முறை செத்தால் ஆட்டமே முடிந்தது என்றும் வைத்துக்கொள்ளலாம். சேர்ந்து ஆடும் வசதி அதிலும் வரவில்லை. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வராத ஒன்றுக்காக என்னை ஏன் காத்திருக்கச் சொன்னார்கள்?

கடைசியில் கிடைத்த பதில், சீல் பிரித்த டிஸ்கைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்பது. சீல் பிரித்துக் கன்சோலில் போட்டுப் பார்க்காமல், நீங்கள் சொன்ன வசதி இருக்கிறதா இல்லையா என்று வாங்கியவனுக்கு எப்படித் தெரியும்?

தவறு எங்கிருந்து வந்திருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதே விவரத்தில் "துப்பாக்கிகள்", "யானைச் சவாரி", "இமயமலைச் சாரல்" என்றெல்லாம் இருக்கிறது. இவை 2014-இல் வந்த 'ஃபார் க்ரை 4'-க்கு உரியவை. அதில்தான் இருவர் சேர்ந்து ஆட முடியும். அந்தப் பக்கத்தை அப்படியே எடுத்து இதில் ஒட்டியிருக்கிறார்கள். ப்ரைமலின் கதை கி.மு. 10,000-இல், மத்திய ஐரோப்பாவில் இருப்பதாகக் கற்பனை செய்த ஓரோஸ் பள்ளத்தாக்கில் நடக்கிறது. அங்கே ஆயுதம் என்றால் வில், ஈட்டி, கவண், தடி, நெருப்பு போன்றவைதான். ஏறிப் போவதென்றால் மாமத் என்னும் பழங்கால ரோம யானை, வாள்பல் புலி, கரடி. பெட்டியின் அட்டையை ஒரு தடவை பார்த்த யாரும் "துப்பாக்கிகள்" என்று எழுதியிருக்க மாட்டார்கள்.

எனக்கு வருத்தம் பணத்துக்காக மட்டும் இல்லை. இது நான் மிகவும் ரசிக்கும் கேம். கூட்டத்தை இழந்து தனியாக நிற்கும் கதாநாயகன் டக்கார், சிதறிக் கிடக்கும் தன் வென்ஜா இன மக்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துக் குடிசை போட்டு ஊராக்குகிறான். எதிரிகளாக ஒரு பக்கம் மனிதக் கறி தின்னும் உடாம் இனம், இன்னொரு பக்கம் நெருப்பைக் கொண்டாடும் இசிலா இனம். இரை போட்டு ஓநாயைப் பழக்கலாம், ஆந்தையை விட்டு எதிரி முகாமை வேவு பார்க்கலாம். பறவை போலப் பறக்க வேண்டும் என்று துடிக்கும் ஊர்க்கி மாதிரி கிறுக்குப் பாத்திரங்களும் உண்டு. ஒருவன் ஆந்தையை ஏவ, மற்றவன் புதருக்குள் ஊர்ந்து போவது என்று தம்பியும் நானும் போனிலேயே திட்டம் போட்டு வைத்திருந்தோம். தனியாக ஆடுவது இந்த கேமின் குறை இல்லை. அது அப்படித்தான் உருவானது. அதில் இல்லாததை இருப்பதாகச் சொல்லி விற்றது உங்கள் தவறு.

"ஆங்கில ஆடியோ" என்று போட்டிருப்பதும் தவறு. இதில் யாரும் ஆங்கிலம் பேசுவதில்லை. அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழக மொழியியலாளர்கள் பல ஐரோப்பிய, வட இந்திய மொழிகளுக்கு மூலமான தொல் இந்தோ-ஐரோப்பிய மொழியை அடிப்படையாக வைத்து உருவாக்கிய மொழிகளைத்தான் மூன்று இனங்களும் பேசுகின்றன. என் மட்டில் கேமின் பெரிய அழகே அதுதான். ஆனால் கதை புரிய வேண்டுமென்றால் கடைசிவரை சப்டைட்டில் படித்தாக வேண்டும். அது முடியாத ஒருவர் வாங்கினால் அவருக்கு இது வீண் செலவு.

எல்லாவற்றையும் விட மோசமானது, நீங்கள் போட்டிருக்கும் "12 வயது முதல்". ஐரோப்பியத் தரமதிப்பீட்டில் இது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது, அமெரிக்காவில் 17. ரத்தமும் கோரமும் நிறையவே உண்டு. உங்கள் வரியை நம்பி ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் பெற்றோரை நினைத்துப் பாருங்கள். என் பணத்தைத் தருவதற்கு முன்பே, இன்றைக்கே அந்த வரியை எடுங்கள்.

2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிப்படுத்தி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. உங்கள் "சீல் பிரித்தால் கிடையாது" என்ற நிபந்தனை இந்த விதிகளுக்கு முன்னால் செல்லாது.

எனவே இரண்டு டிஸ்குகளின் விலையையும் அனுப்பும் கட்டணத்தையும் முழுதாகத் திருப்பித் தர வேண்டும். டிஸ்குகளை எடுத்துச் செல்ல இரண்டு முகவரிகளுக்கும் உங்கள் செலவில் ஆள் அனுப்புங்கள். கடை வவுச்சராகத் தந்தால் ஏற்க மாட்டேன், பணம் கட்டிய வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். விற்பனைப் பக்கத்தைத் திருத்தியதும் எனக்கு மின்னஞ்சலில் தெரிவியுங்கள்.

பில் நகல், வாங்கிய அன்று எடுத்த உங்கள் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், கஸ்டமர் கேருடன் நடந்த சாட் பதிவு ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். விதி சொல்லும் ஒரு மாதத்துக்குள் பணம் வராவிட்டால், 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இதே ஆவணங்களுடன் போவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மதுரை.