தமிழ்நாட்டு மக்களவை உறுப்பினர்களுக்கு: படையை அனுப்பவும் திருப்பி அழைக்கவும் அவையில் வாக்கெடுங்கள்

மாண்புமிகு உறுப்பினர்கள் 39 பேருக்கும் வணக்கம்.

இந்திய - இலங்கை ஒப்பந்தத்தின் ஆண்டு நாள் வந்தாலே மேடைகளில் அதே பழைய வழக்கு தொடங்கிவிடுகிறது. அந்த ஒப்பந்தப்படி இலங்கைக்கு இந்திய ராணுவத்தின் அமைதிப்படையை அனுப்பியது யார், திருப்பி அழைத்தது யார், திரும்பி வந்த படையை வரவேற்கத் துறைமுகத்துக்குப் போகாதது யார்? இந்த ஆண்டும் அதையே கேட்டு அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். பின்னணியை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதைச் சொல்லி வாக்குக் கேட்டவர்கள் நீங்கள்.

என் கோரிக்கை ஒன்றுதான். இந்தியப் படையை வெளிநாட்டில் போரிட அனுப்பினால் நாடாளுமன்றத்தில் வாக்கெடுக்க வேண்டும். அனுப்பிய பின், இருக்கட்டுமா திரும்பட்டுமா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி வாக்கெடுக்க வேண்டும். இதைச் சட்டமாக்குங்கள்.

1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதி காக்கப் போன படை அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் நள்ளிரவில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி படைப்பிரிவு வீரர்கள் 30 பேரில் 29 பேர் மறுநாள் பகலுக்குள் மடிந்தார்கள். தீபாவளியன்று யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்த நம் படை டாக்டர்களையும் தாதியரையும் நோயாளிகளையும் சுட்டுக் கொன்றது. இவை எதற்கும் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் சட்டப்படி தேவைப்படவில்லை. இன்றும் தேவையில்லை.

அதைவிட என்னை உறுத்துவது 1989. ஜூலை முடிவதற்குள் படை வெளியேற வேண்டும் என்று ஜூன் 1 அன்று இலங்கை அதிபர் பிரேமதாசா பகிரங்கமாகச் சொல்லிவிட்டார். அவரும் புலிகளும் பேச்சுவார்த்தையில் இருந்தார்கள். நம் வீரர்கள் யாருக்காகப் போரிடுகிறார்கள் என்று சொல்ல டெல்லியில் ஆளில்லை. மிச்சமிருந்தது தேதிப் பேரம் மட்டுமே. செப்டம்பரில் உடன்பாடு கண்டு, ஆண்டு இறுதிக்குள் என்றார்கள். கடைசி அணி திருகோணமலையில் கப்பலேறியது 1990 மார்ச் 24 அன்று. நடுவில் ஆகஸ்ட் 2 அன்று வல்வெட்டித்துறையில் புலிகளின் தாக்குதலில் ஆறு வீரர்கள் இறந்தார்கள். அதற்குப் பழிவாங்க ஊர்மக்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோரைப் படை கொன்றது. போவது என்று ஆனபிறகு போன உயிர்கள் இவை. இவற்றுக்கு யார் கணக்குச் சொல்வது?

எங்கள் வேலூர் மாவட்டத்தில் பட்டாளத்துக்காரர் இல்லாத தெரு அபூர்வம். எங்கள் தெருவில் ஒருவர் அந்த மாதங்களில் அங்கே இருந்தார். தமிழ் தெரியும் என்பதால் அவரைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்ட பெண்களிடம் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, அதிகாரி இந்தியில் கேட்பதைத் தமிழில் கேட்பது வேலை. அட்டையை நீட்டிய ஒரு கிழவி, "தம்பிக்கு எந்த ஊர்?" என்று கேட்டாராம். தன்னால் பதில் சொல்ல முடியவில்லை என்பார். அதற்குமேல் அந்தக் கதை நகராது. நவம்பரில், படை மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், கண்ணிவெடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். ஊருக்கு வந்தால் தமிழனைச் சுட்டவர் என்ற பெயர். அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகாததன் காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் இலங்கைக்குப் போவதா வேண்டாமா என்று எங்கள் தெருக்காரரை யாரும் கேட்கவில்லையே.

இறந்த வீரர்கள் சுமார் 1,200 பேர். அவர்களுக்குக் கொழும்பை அடுத்த பத்தரமுல்லையில் இலங்கை அரசு நினைவுத்தூண் எழுப்பியது 2008இல். டெல்லியில் தேசியப் போர் நினைவகம் திறக்க 2019 ஆயிற்று. வெளியே போகச் சொன்ன நாடு நம்மை முந்திக்கொண்டது.

அவசரம், ராணுவ ரகசியம் என்று காரணம் சொல்வீர்கள். ஜெர்மனி ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பிய படைக்கு, அதன் நாடாளுமன்றம் கெடு வைத்து, ஒவ்வொரு முறையும் வாக்கெடுத்தே நீட்டிப்புக் கொடுத்தது. அதனால் அந்த ராணுவம் குலைந்துவிடவில்லை. அவ்வளவு தூரம் போவானேன்? 2003இல் ஈராக்குக்குப் படை கேட்டு அமெரிக்கா நெருக்கியபோது, போரைக் கண்டித்து நம் நாடாளுமன்றம் ஏப்ரலில் நிறைவேற்றிய தீர்மானம் இருந்தது. ஜூலையில் வாஜ்பாய் அரசு மறுத்துவிட்டது. அவை வாய் திறந்தால் அரசுக்கு மறுக்கவும் ஒரு பிடி கிடைக்கிறது.

எக்ஸ்பிரஸ் ரயில் உங்கள் தொகுதியில் இரண்டு நிமிடம் நின்று போக வேண்டும் என்பதற்கு அவையில் குரல் கொடுக்கிறீர்கள், நல்லது. படை ஓர் அயல்நாட்டில் 32 மாதம் நிற்பதற்கும் ஒரு குரல் இருக்கக் கூடாதா? அடுத்த முறை எந்த நாடோ, யார் பிரதமரோ. அதற்குப் பின் மேடை போட்டு, அனுப்பியவர் யார் என்று இன்னும் முப்பது ஆண்டு சண்டை போடலாம், பேச்சாளருக்குப் பஞ்சமில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வேண்டுவது அதே ஒன்றுதான்: படையை அனுப்பவும் திருப்பி அழைக்கவும் அவையில் வாக்கெடுப்பு. உங்களில் ஒருவராவது அதைத் தனிநபர் மசோதாவாக, அதாவது அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதாவாக, கொண்டுவாருங்கள். சுதந்திரத்துக்குப் பின் அப்படிச் சட்டமானவை 14 தான், கடைசியானது 1970இல் என்பது தெரிந்தே கேட்கிறேன். தோற்றாலும் யார் என்ன பேசினார்கள் என்பது அவைக்குறிப்பில் இருக்கும். அந்த மசோதாக்களை எடுப்பது வெள்ளிக்கிழமை பிற்பகலில். ஊர் திரும்பும் விமானத்தை ஒரே ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் சனிக்கு மாற்றிக்கொள்ளுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வேலூர் மாவட்டத்து வாக்காளர் ஒருவர்