ஆறு சர்வர்களும் சின்னக் கோப்புகளும்

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை வீட்டில் எல்லோரிடமும் சொன்னேன், மிகவும் மகிழ்ந்தார்கள்.

நூலகத்தின் பழைய இதழ்களை ஸ்கேன் செய்து வைக்க ஆறு சர்வர்களில், அவற்றின் வட்டுகளை ஒரே சேமிப்பகமாக இணைக்கும் செஃப் மென்பொருளை நிறுவப்போவதாகவும், மூன்று பிரதிகள் வைப்பதா, தரவைத் துண்டுகளாக்கி, தொலைந்தவற்றை மீட்கச் சரிபார்ப்புத் துண்டுகளும் சேர்க்கும் இரேஷர் கோடிங் முறையில் வைப்பதா என்றும் கேட்டிருந்தாய். நூறு டெராபைட் தரவுக்கு மூன்று பிரதிகள் என்றால் முந்நூறு டெராபைட் வட்டு வேண்டும்; நான்கு தரவுத் துண்டுகளுக்கு இரண்டு சரிபார்ப்புத் துண்டுகள் (4+2) என்று பிரித்தால் நூற்றைம்பதே போதும். உனக்குச் சிலர் பரிந்துரைத்த 8+3 உன்னிடம் பொருந்தாது. பதினொரு துண்டுகளை ஆறு சர்வர்களில் அடைத்தால் பெரும்பாலானவற்றில் இரண்டிரண்டு விழும். இரு சர்வர்கள் சேர்ந்து போனால் நான்கு துண்டுகள் வரை தொலையலாம், மூன்றுக்கு மேல் தொலைந்தால் மீட்க வழியில்லை.

ஆனால் 4+2-இலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு சர்வர் நின்றால் பணி தொடரும். ஆனால் ஒவ்வொரு துண்டும் தனித்தனி சர்வரில் இருக்க வேண்டும் என்பதால், இழந்த துண்டை மறுபடி எழுத ஏழாவது இடம் இராது. இரண்டு நின்றால் தரவு பத்திரமாகவே இருக்கும், ஆயினும் வழக்கமான அமைப்பில் குறைந்தது ஐந்து துண்டுகள் இருந்தால்தான் செஃப் படிக்கவோ எழுதவோ விடும். ஏழாவது சர்வருக்கு நிர்வாகத்திடம் இப்போதே கேட்டு வைப்பது நல்லது, தருவார்களா என்பது வேறு கதை.

என்னை அதிகம் யோசிக்க வைப்பவை பெரிய ஸ்கேன்கள் அல்ல, பக்கத்துக்கு ஒன்றாக நீ உருவாக்கும் பதினாறு கிலோபைட் சிறுபடங்கள்தான். 2021-இல் வந்த, செஃப்பின் பசிபிக் பதிப்புக்கு முன்பு ஹார்டு டிஸ்க்கில் ஒரு துண்டுக்கு ஒதுக்கும் மிகச் சிறிய இடமே 64 கிலோபைட் என்பதால், அத்தகைய ஒரு படம் 4+2-இல் ஆறு துண்டுகளாகி 384 கிலோபைட்டை விழுங்கும். மூன்று பிரதிகள் வைத்தாலோ 192 தான். பசிபிக்கில் அந்த அளவு 4 கிலோபைட்டாகக் குறைந்ததால் அதே படம் 24 கிலோபைட்டில் அடங்கிவிடுகிறது. பழைய பதிப்பில் உருவாக்கிய வட்டுகளோ, மென்பொருளைப் புதுப்பித்தாலும் பழைய அளவையே வைத்திருக்கும். அவற்றை அழித்து மீண்டும் உருவாக்கினால்தான் மாறும். இடம் மிச்சமானாலும், ஒவ்வொரு சிறுபடத்தையும் படிக்க நான்கு துண்டுகளில் மிக மெதுவாக வருவதற்குக் காத்திருக்க வேண்டுமே! ஆகவே சிறுபடங்களை எஸ்.எஸ்.டி. வட்டுகளில் மூன்று பிரதிகள் கொண்ட தனிப் பூலிலும் (சேமிப்புப் பிரிவிலும்), ஸ்கேன்களை 4+2 பூலிலும் வைத்துவிடு.

பூலை உருவாக்கிய பின் 4+2 என்பதை மாற்ற முடியாது. புதுப் பூல் உருவாக்கி எல்லாவற்றையும் நகலெடுக்க வேண்டிவரும். அதனால் வட்டுகளை வாங்கும் முன், கோப்புகளின் அளவுவாரிப் பட்டியலை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
முருகேசன்